போனில் பூவா தலையா: நம்பாத இருவர் குவாண்டம் நாணயம் சுண்டுவது எப்படி?

ஆலிஸும் பாபும் விவாகரத்து வாங்கியவர்கள், ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். கார் யாருக்கு என்பதைப் போனிலேயே முடிவு செய்தாக வேண்டும். ஆலிஸ் நாணயத்தைச் சுண்டுகிறார். பாப் ‘தலை’ என்கிறார். “பூ விழுந்திருக்கிறது, கார் எனக்கு” என்று மறுமுனையிலிருந்து பதில் வருகிறது. பாப் இதை எப்படி நம்புவது? 1981இல் மானுவெல் பிளம் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இந்தச் சிக்கலிலிருந்துதான் தொடங்குகிறது.

நேரில் சுண்டினால் இருவர் கண்ணும் ஒரே நாணயத்தின் மேல் இருக்கும். போனில் அந்த வசதி இல்லை. சரி, ஆளுக்கொரு பிட் (0 அல்லது 1) சொல்வோம், இரண்டும் ஒன்றானால் ஆலிஸுக்கு, வேறானால் பாபுக்கு என்று வைத்துக்கொண்டாலும், இரண்டாவதாகச் சொல்பவர் முதலாமவர் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தன் வசதிக்குச் சொல்லிவிடுவார். பிளம் கொடுத்த தீர்வு, பெரிய எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது கடினம் என்பதை நம்பி நிற்பது. கணினி வலிமைக்கு எல்லை வைக்காவிட்டால், வெறும் செய்திகளை மாற்றிக்கொண்டு ஆடும் எந்த முறையும் தேறாது. டிராவே இல்லாத, எண்ணி இத்தனை நகர்வில் முடிந்துவிடும் ஒரு பலகை ஆட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசி நகர்விலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் இருவரில் ஒருவருக்கு நிச்சய வெற்றிக்கு வழி இருந்தே தீரும். செய்திகள் மாறிமாறிப் போகும் நாணய ஆட்டமும் அதே ரகம்தான். போதாக்குறைக்கு, குவாண்டம் கணினியில் காரணிகளை வேகமாகப் பிரிக்கும் வழியை 1994இல் பீட்டர் ஷோர் காட்டிவிட்டார்.

அப்படியானால் இயற்பியலையே காவலுக்கு வைத்தால் என்ன? அதைத்தான் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். பள்ளிக்கூடத்துக் கொசைன் தெரிந்தால் போதும். ஒரே ஒரு பழக்கம் மட்டும் வேண்டும்: ஒவ்வொரு நெறிமுறையையும் (இருவரும் படிப்படியாக ஆட வேண்டிய ஆட்ட விதிகளை) நேர்மையானவரின் நாற்காலியில் ஒருமுறை, அழுகுணி ஆட்டம் ஆடுபவரின் நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள். இந்தத் துறையின் வரலாறே அந்த இரண்டாவது நாற்காலியில் எழுதப்பட்டதுதான்.

படி 1: எந்த நாணயம் வேண்டும்?

காருக்கு அடித்துக்கொள்ளும் கதையில் யாருக்கு எந்த முடிவு வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். தோற்பதற்காக யாரும் திருட்டு வேலை செய்யப் போவதில்லை. எதிராளி தன் பக்கம் சாய்க்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இது பலவீன நாணயம். எதிராளிக்கு எந்தப் பக்கம் வேண்டும் என்றே தெரியாதபோது 0, 1 இரண்டு பக்கமும் காவல் போட வேண்டும். அது வலுவான நாணயம். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பலவீன நாணயம் மட்டமானதல்ல, அது கேட்கும் காவல் குறைவு, அவ்வளவுதான்.

திருட்டு பிடிபட்டால் என்ன செய்வது என்பதிலும் வித்தியாசம் உண்டு. பலவீன நாணயத்தில் பிடித்தவர் “நான்தான் ஜெயித்தேன்” என்று அறிவித்துவிடலாம். வலுவானதில் ஆட்டத்தைக் கலைக்க வேண்டியதுதான்.

அளவுகோல் இரண்டுக்கும் ஒன்றே. ஒருவர் நேர்மையாக ஆட, மற்றவர் எவ்வளவு தந்திரம் செய்தாலும் தனக்கு வேண்டிய முடிவை அதிகபட்சம் எத்தனை சதவீதம் வரவழைக்க முடியும்? 50% என்றால் சொக்கத்தங்கம். 100% என்றால் நாணயம் சுண்டியதற்கே அர்த்தமில்லை. இருவருமே திருடர்கள் என்றால் நெறிமுறைக்குக் கவலை இல்லை, காப்பாற்ற அங்கே யாரும் இல்லை.

படி 2: ஃபோட்டானோடு பழகுங்கள்

ஒளியின் ஒற்றைத் துணுக்கான ஃபோட்டானுக்கு ஓர் அதிர்வுத் திசை உண்டு. அதை ஒரு கோணமாக எழுதலாம். வேறொரு கோணத்தில் வடிகட்டி வைத்து “நீ இந்தத் திசையா?” என்று கேட்டால், இரண்டு கோணங்களின் வித்தியாசத்துக்குக் கொசைன் எடுத்து வர்க்கப்படுத்தினால் வருவதே ‘ஆம்’ என்ற பதிலுக்கான வாய்ப்பு. வித்தியாசம் 0° என்றால் கட்டாயம் ஆம். 90° என்றால் கட்டாயம் இல்லை. 45° என்றால் பாதிக்குப் பாதி.

கேட்டு முடித்த பிறகு ஃபோட்டான் பதிலுக்கேற்ற திசைக்கு மாறிவிடும். பழைய திசை போனது போனதுதான். பிரதி எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்கவும் முடியாது.

0°, 90° என்ற ஜோடியை நேர் அச்சு என்றும், 45°, 135° என்ற ஜோடியைச் சாய்வு அச்சு என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஜோடியிலும் முதலாவது பிட் 0, அடுத்தது பிட் 1.

படி 3: பெங்களூர் நாணயத்தைக் கையால் சுண்டிப் பாருங்கள்

சார்லஸ் பென்னெட்டும் ஜில் பிராசாரும் எழுதிய பிபி84 கட்டுரை, 1984 டிசம்பரில் பெங்களூரில் நடந்த ஒரு மாநாட்டில் வெளியானது. ரகசியச் சாவிப் பரிமாற்றத்துக்காக (செய்திகளைப் பூட்டித் திறக்கும் ரகசிய எண்ணை இருவர் பகிர்ந்துகொள்வதற்காக) உலகமே அதை மேற்கோள் காட்டுகிறது. அதன் தலைப்பிலேயே நாணயம் சுண்டுதலும் இருப்பது பலருக்கு நினைவிருப்பதில்லை.

ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆலிஸ் ஒரே ஓர் அச்சைத் தேர்ந்தெடுத்து மறைத்து வைக்கிறார். சாய்வு என்று வைப்போம். எட்டு பிட்டுகளைக் குருட்டாம்போக்கில் எழுதுகிறார்: 1, 0, 0, 1, 1, 0, 1, 0. எட்டையும் சாய்வு அச்சிலேயே ஃபோட்டான்களாக அனுப்புகிறார்.

பாப் ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் தனித்தனியாக ஏதோ ஓர் அச்சைத் தேர்ந்தெடுத்து அளக்கிறார். 2, 3, 5, 8ஆவதைச் சாய்வில் அளந்தார் என்றால் அவருக்குக் கிடைப்பது 0, 0, 1, 0. ஆலிஸின் பட்டியலோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது. 1, 4, 6, 7ஆவதை நேர் அச்சில் அளந்ததில் 0, 1, 1, 1 வந்தது என்று வைப்போம். ஆலிஸின் உண்மையான பிட்டுகள் 1, 1, 0, 1. நான்கில் இரண்டு பொருந்துகிறது, அதுவும் தற்செயலாக. பாபிடம் இப்போது இரண்டு அட்டவணைகள் உள்ளன, எது சரியானது என்று அவருக்குத் தெரியாது.

அப்புறம்தான் ஆட்டம். பாப் அச்சை ஊகிக்கிறார். சரியாகச் சொன்னால் அவருக்கு வெற்றி, தப்பினால் ஆலிஸுக்கு. கடைசியில் ஆலிஸ் அச்சையும் எட்டு பிட்டுகளையும் வெளியிட, பாப் தன் அட்டவணைகளோடு சரிபார்க்கிறார்.

பாபின் நாற்காலியில் உட்காருங்கள். முன்கூட்டியே அச்சைக் கண்டுபிடிக்க வழி உண்டா? இல்லை. பிட்டுகள் தெரியாதவரை, நேர் அச்சுக் கலவையும் சாய்வு அச்சுக் கலவையும் எந்த அளவீட்டுக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். ஊகம் 50 சதவீதத்தைத் தாண்டாது.

ஆலிஸின் நாற்காலி? பாப் சரியாக ‘சாய்வு’ என்று ஊகித்துவிட்டார், ஆலிஸ் ‘இல்லை, நேர்’ என்று புளுக நினைக்கிறார். அப்படியானால் பாபின் நேர் அச்சு அட்டவணையில் உள்ள 0, 1, 1, 1 முழுவதும் பொருந்தும்படி ஒரு பட்டியல் தர வேண்டும். அந்த எண்கள் அவருக்குத் தெரியாது. நான்கையும் குருட்டடியில் சரியாகச் சொல்ல 16இல் ஒரு வாய்ப்பு. ஆயிரம் ஃபோட்டான் அனுப்பியிருந்தால் ஏறக்குறைய ஐந்நூறு பிட்டுகளை ஊகிக்க வேண்டும். நடக்காத காரியம்.

இங்கேயே நிறுத்தினால் குவாண்டம் ஜெயித்துவிட்டது போலத்தான் இருக்கும்.

படி 4: ஆலிஸ் இன்னும் கெட்டிக்காரர் என்று வைத்துப் பாருங்கள்

ஆலிஸ் பிட்டே எழுதவில்லை. ஒவ்வொரு முறையும் ஒன்றோடொன்று பிணைந்த இரண்டு ஃபோட்டான்களை உண்டாக்கி, ஒன்றைப் பாபுக்கு அனுப்பி, மற்றதைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார். ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் 1935இல் விவாதித்த அதே பிணைப்பு. இருவரும் ஒரே அச்சில் அளந்தால், எந்த அச்சானாலும், ஒருவருக்கு 0 வந்தால் மற்றவருக்கு 1.

பாப் ‘சாய்வு’ என்று ஊகித்ததும், ஆலிஸ் தன் கையிருப்பை நேர் அச்சில் அளக்கிறார். வந்ததைத் தலைகீழாக்கி எழுதினால், பாபின் நேர் அச்சு அட்டவணை அப்படியே கிடைத்துவிடுகிறது. பாப் ‘நேர்’ என்றிருந்தால் சாய்வில் அளந்திருப்பார். இரண்டிலும் சோதனை சுத்தமாகத் தேறும். வெற்றி 100%.

இந்த ஓட்டையைப் பென்னெட்டும் பிராசாரும் அதே கட்டுரையிலேயே சொல்லிவிட்டார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஃபோட்டானைப் பத்திரமாகச் சேமித்து வைப்பது அன்றைக்கு யாராலும் ஆகாத காரியம், அதனால் அது ஏட்டுச் சுரைக்காய் மிரட்டல்தான். ஆனால் இன்றைய கருவியால் முடியாது என்பதை நம்பிப் பாதுகாப்பைக் கட்டினால், பிளம் முறையைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

புத்திசாலித்தனமான வேறு அமைப்பு இதைச் சரிசெய்துவிடும் என்று பல ஆண்டுகள் நம்பிக்கை இருந்தது. ஒரு பிட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டி எதிராளியிடம் கொடுத்து, பிறகு சாவி தருவதுபோன்ற ‘பிட் கமிட்மென்ட்’ கிடைத்துவிட்டால் நாணயம் தானாகக் கிடைத்துவிடும். 1997இல் டொமினிக் மேயர்ஸ் ஒரு பக்கம், ஹோய்-குவாங் லோவும் சௌவும் இன்னொரு பக்கம் அந்த நம்பிக்கைக்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள். பெட்டிக்குள் இருப்பது பாபுக்குத் துளியும் தெரியாது என்றால், தன்னிடம் உள்ள பிணைப்புப் பாதியைத் திருகி ஆலிஸ் அதைப் பின்னால் மாற்றிவிடலாம். மறைப்பும் பூட்டும் ஒரே நேரத்தில் முழுமையாகக் கிடைக்காது. ஒன்றைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் மற்றது கொஞ்சம் வரும். இனி வரும் எல்லாமே இந்தப் பேரம்தான்.

படி 5: மூன்று அறை நாணயம்

ஆண்ட்ரிஸ் அம்பைனிஸ் 2001இல் தந்த நெறிமுறையைக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் இந்தப் பேரம் எனக்கே விளங்கியது. நீங்களும் போட்டுப் பாருங்கள், பத்து நிமிடம் ஆகாது.

ஒரு துகள் 0, 1, 2 என்ற மூன்று அறைகளில் இருக்கலாம், ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் பரவியும் இருக்கலாம். ஆலிஸ் ரகசியமாக ஒரு பிட் எடுக்கிறார். பிட் 0 என்றால் துகளை 0, 1 அறைகளில் சமமாகப் பரப்புகிறார். பிட் 1 என்றால் 0, 2 அறைகளில். ஜோடியில் இரண்டாவதாக வரும் அறையின் (1 அல்லது 2) பங்குக்குக் கூட்டல் குறியா கழித்தல் குறியா என்பதை இன்னொரு நாணயத்தால் முடிவு செய்கிறார். துகள் பாபிடம் போகிறது. பாப் அதைத் தொடாமல் வைத்துக்கொண்டு தன் பிட் ஒன்றைச் சொல்கிறார். ஆலிஸ் தன் பிட்டையும் குறியையும் வெளியிடுகிறார். பாப் துகளை அளந்து, சொன்ன நிலைதானா என்று பார்க்கிறார். தேறினால் இரு பிட்டுகளும் ஒன்றாக இருந்தால் முடிவு 0, வேறாக இருந்தால் 1.

திருட்டுப் பாப் துகளை முன்னாலேயே அளந்து பார்ப்பார், எந்த அறை என்று. பாதி நேரம் 0ஆவது அறையில் அகப்படும், அது இரண்டுக்கும் பொது என்பதால் ஒன்றும் தெரியாது. மீதிப் பாதி நேரம் 1 அல்லது 2 என்று காட்டும், அப்போது ஆலிஸின் பிட் வெட்டவெளிச்சம். பாதிக்கு நிச்சயம், மீதிப் பாதிக்கு ஊகம்: 1/2 + 1/4 = 3/4. குறி எதற்கு என்று கேட்டால், அது இல்லாவிட்டால் பாப் இன்னும் நுணுக்கமான அளவீட்டில் 93% வரை போய்விடுவார். குறியைக் கலைத்துவிடுவதால்தான் அவர் 75 சதவீதத்தில் நிற்கிறார்.

திருட்டு ஆலிஸ் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரு துகளை அனுப்புவார்: மூன்று அறையிலும் பரவியது, வீச்சு (வர்க்கப்படுத்தினால் வாய்ப்பைத் தரும் எண்) 2 : 1 : 1 என்ற விகிதத்தில். பாப் தன் பிட்டைச் சொன்ன பிறகு, தனக்கு எது வசதியோ அதைச் சொல்வார். சோதனை தேறும் வாய்ப்பு? விகிதத்தைச் சீராக்க √6ஆல் வகுக்கிறோம். கேட்கப்படும் நிலையோடு பொருத்தம் (2 + 1)/√12. வர்க்கம் 9/12, அதாவது 3/4. பிட் 0 என்று சொன்னாலும் 1 என்று சொன்னாலும் அதேதான்.

இருவருக்கும் 75%. இதைவிடக் கெட்டிக்காரத்தனமான திருட்டு இந்த நெறிமுறையில் இல்லை என்பதையும் அம்பைனிஸ் நிரூபித்தார். 2005இல் வியன்னாவில் ஒளியின் சுழல் வடிவங்களை மூன்று அறைகளாக்கி, நாணயத்தை ஆய்வகத்திலும் சுண்டிப் பார்த்தார்கள்.

இதற்குக் கீழே எவ்வளவு இறங்கலாம்? வலுவான நாணயத்தில் இருவரின் திருட்டு வாய்ப்புகளைப் பெருக்கினால் 1/2க்குக் குறையவே குறையாது என்று அலெக்ஸெய் கிடாயெவ் காட்டினார். ஆகவே இருவருக்கும் சமமாக வைத்தால் 1/√2, அதாவது 70.7% தான் அடித்தளம். ஷாயூவும் கெரெனிடிஸும் 2009இல் அந்த அடித்தளத்துக்கு எவ்வளவு நெருக்கமாகவும் போகலாம் என்று காட்டிவிட்டார்கள். பலவீன நாணயத்துக்கோ அடித்தளமே இல்லை. 50 சதவீதத்தை எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கலாம் என்று கார்லோஸ் மோச்சோன் 2007இல் நிரூபித்தார். ஆனால் நெருங்க நெருங்கச் செய்திச் சுற்றுகள் அடுக்குக்குறி வேகத்தில் பெருகியே தீரும் என்று 2020இல் கார்ல் மில்லர் காட்டினார். கார் துருப்பிடித்துப் போகும்வரை சுண்டிக்கொண்டே இருக்கலாம்.

படி 6: தொலைந்த ஃபோட்டானுக்குக் கணக்கு வையுங்கள்

காகிதத்தில் ஜெயித்தது கம்பியில் தோற்கும் இடம் இது. நல்ல ஃபைபரில் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் இழப்பு. 15 கிலோமீட்டரில் பாதி ஃபோட்டான்கள் காணாமல் போகும். ஆகவே “வரவில்லை, மறுபடி அனுப்பு” என்று சொல்லப் பாபுக்கு உரிமை கொடுத்தாக வேண்டும்.

அந்த உரிமையோடு மூன்று அறை நாணயத்துக்குத் திரும்பிப் போங்கள். பாப் அளக்கிறார். 0ஆவது அறை வந்ததா? “வரவில்லையே!” மறுபடி அனுப்புகிறார் ஆலிஸ். 1 அல்லது 2 வரும்வரை இதே பல்லவி. வந்ததும் “கிடைத்துவிட்டது” என்று சொல்லித் தனக்கு வேண்டிய பிட்டைச் சொல்கிறார். 75% இப்போது 100%. ஆலிஸால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, ஃபோட்டான்கள் உண்மையிலேயே தொலைகிற உலகம் இது.

2009இல் கீடோ பெர்லின், பிராசார் முதலியோர் இதற்கு மாற்று வைத்தார்கள். அறைகள் வேண்டாம், சாதாரணக் கோணங்களே போதும். ஆலிஸின் பிட் 0 என்றால் +18.4° அல்லது −18.4°. பிட் 1 என்றால் +71.6° அல்லது −71.6°. இவற்றில் +18.4°யும் −71.6°யும் ஒன்றுக்கொன்று செங்குத்து, ஆகவே அவை ஓர் அச்சு. மற்ற இரண்டும் இன்னோர் அச்சு. பாப் ஏதாவது ஓர் அச்சில் உடனே அளந்துவிடுகிறார், சேமித்து வைக்கத் தேவையில்லை. வரவில்லை என்றால் மறுபடி. வந்தால் தன் பிட்டைச் சொல்கிறார். ஆலிஸ் பிட்டையும் அச்சையும் சொல்ல, அச்சு பொருந்தியிருந்தால் மட்டும் பாப் சரிபார்க்கிறார்.

திருட்டுப் பாப் 0°, 90° என்று அளப்பார். 18.4°க்குக் கொசைன் வர்க்கம் 0.9, ஆகவே 90% சரியாக ஊகிப்பார். முக்கியமான விஷயம், எந்த அளவீட்டிலும் அவருக்கு 90 சதவீதத்தைத் தாண்டிய உறுதி கிடைக்கவே கிடைக்காது. பிடிக்காத பதிலைத் தொலைந்துபோனதாகச் சொல்லி மறுபடி கேட்டாலும், அடுத்ததும் அதே 90%தான்.

திருட்டு ஆலிஸ் 45° ஃபோட்டான் ஒன்றை அனுப்புவார். பிட் 0 வேண்டும் என்றால் ‘அது 18.4°’ என்பார், 1 வேண்டும் என்றால் ‘71.6°’ என்பார். இரண்டிலிருந்தும் 26.6° தள்ளி இருக்கிறது, கொசைன் வர்க்கம் 0.8. பாபின் அச்சு பொருந்துவது பாதி நேரம்தான், பொருந்தாவிட்டால் சோதனையே கிடையாது. ஆக 0.5 + 0.5 × 0.8 = 0.9. அந்த விசித்திரமான 18.4° எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். இருவரின் திருட்டும் சமமாகும் கோணம் அது.

75இலிருந்து 90க்கு ஏறிவிட்டோமே என்று தோன்றலாம். தொலையாத ஃபோட்டான் வைத்திருக்கும் ஆய்வகத்தில் கிடைக்கும் 75ஐவிட, உண்மையான கம்பியில் நிற்கும் 90ஐயே நான் எடுத்துக்கொள்வேன்.

படி 7: கருவியை வாங்குமுன்

மங்கலான லேசர் துடிப்பில் சில சமயம் இரண்டு ஃபோட்டான் சேர்ந்து வரும். பாபுக்கு இரண்டு பிரதி கிடைத்தால் ஊகம் கூர்மையாகும். அதனால் ஒரு துடிப்புக்குச் சராசரியாக ஒரு ஃபோட்டானுக்கும் வெகுவாகக் குறைத்து வைப்பார்கள், அனுப்பும் துடிப்புகளின் எண்ணிக்கையையும் முன்பே வரையறுத்து, முதலில் பதிவானதையே நாணயமாகக் கொள்வார்கள். இந்த வழியில், கடையில் வாங்கக்கூடிய சாவிப் பரிமாற்றக் கருவியை வைத்தே, ஒரு பெருநகரத்துக்குப் போதுமான தூரத்தில் பப்பா, டயமன்டி, கெரெனிடிஸ் முதலியோர் செய்த சோதனை 2014இல் வெளியானது. கம்பியிலும் கருவியிலும் தானாக நுழையும் பிழைகள் காரணமாக இரு நேர்மையாளர்கள் ஆடும்போதும் சில ஆட்டங்கள் கலையும். எவ்வளவு கலையலாம் என்பதை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். பாபின் இரண்டு டிடெக்டர்களின் திறனும் சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்று மந்தமாக இருந்தால், அவர் சொல்லும் ‘வரவில்லை’யே ஆலிஸுக்குத் துப்பாகிவிடும்.

இவ்வளவும் படித்தவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: மூன்று முறை சுண்டி, இரண்டு முறை ஜெயித்தவருக்குக் கார் என்று வைத்தால் திருட்டு குறையாதா? கணக்குப் போடுங்கள். பாபின் திருட்டு பிடிபடுவதே இல்லை, ஊகம் தப்பினால் தோற்பார், அவ்வளவுதான். ஒவ்வொன்றிலும் 0.9 என்றால், மூன்றும் ஜெயிக்க 0.729, சரியாக இரண்டு ஜெயிக்க 0.243. கூட்டினால் 97.2%. சரி, எல்லா முடிவுகளையும் கூட்டி ஒற்றையா இரட்டையா என்று பார்ப்போமா? முதல் இரண்டையும் நேர்மையாக ஆடிவிட்டு, மூன்றாவதில் மட்டும் கைவரிசையைக் காட்டுவார். பழையபடி 90%.